காருக்குத் தெரியாமல் ட்ரெய்லர் கொழுவாதீர்கள்

லண்டன் கோயில்களின் தேர்த் திருவிழாக்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களின் கோடை விழாக்களுக்கும் சொந்தக் காரில் சாமான் இழுத்துக் கொடுக்கும் தொண்டர்களுக்கு,



ஆகஸ்டில் மேற்கு ஈலிங்கில் ஸ்ரீ கனகதுர்க்கை அம்மன் தேர் ஓடும். கோடை முழுவதும் லண்டனின் ஏதாவதொரு மூலையில் ஒரு கோயிலில் கொடி ஏறியிருக்கும். பூங்காத் திடல்களில் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் விளையாட்டு விழா நடத்தும். வருகிறவர்கள் சுவாமியைப் பார்ப்பார்கள், தவில் நாதஸ்வரம் கேட்பார்கள், தண்ணீர்ப்பந்தலில் சர்பத் வாங்கிக் குடிப்பார்கள். பந்தல் கம்பிகளும் மடக்கு மேசைகளும் ஜெனரேட்டரும் அண்டாக்களும் தண்ணீர்க் கேன்களும் விடிவதற்கு முன்னர் எப்படி அங்கே வந்து சேர்ந்தன என்று யாரும் கேட்பதில்லை. கொண்டுவந்து இறக்குபவர்கள் நீங்கள். இந்த மடல் உங்களுக்குத்தான்.

முன்பெல்லாம் யாராவது ஒரு கடைக்கார அண்ணையின் பழைய டீசல் வான் இந்த வேலைகளைப் பார்த்தது. 2023 ஆகஸ்டு 29 முதல் மாசுக் கட்டுப்பாட்டு வலயம் லண்டனின் எல்லாப் பகுதிகளுக்கும் விரிந்தது. தரத்துக்கு உட்படாத வான் ஒன்று வீதியில் இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண் கட்ட வேண்டும் என்றானபோது, அந்த வான்களில் பல விலைப்பட்டுப் போயின. அதற்கு முன்னரே, 2021 டிசம்பர் 16 அன்று, சாதாரண கார் லைசன்ஸ் வைத்திருப்பவர்களும் 3,500 கிலோ வரையான ட்ரெய்லரை இழுக்கலாம் என்று சட்டம் மாறியிருந்தது. ஆகவே இப்போது குடும்பக் காருக்கு ஒரு டோ-பார் பூட்டி, ஒரு ட்ரெய்லரை வாடகைக்கு எடுத்துக் காரியத்தை முடிக்கலாம் என்ற எண்ணம் உங்களில் பலருக்கு வந்திருக்கிறது. நல்ல எண்ணம்தான். நான் வாகன மின்வேலை செய்பவன். உங்கள் கார்களில் பின்பம்பர் முழுக்கச் சென்சர் இருக்கிறது. அதனால் டோ-பார் வாங்க முன்னர் சில விஷயங்களை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

கடைக்குப் போகிறவர் முதலில் கேட்பது, “எந்த பார் நல்லது, என்ன விலை?” என்றுதான். அங்கீகாரம் பெற்ற எந்த பாரும் ட்ரெய்லரை இழுக்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: “எந்த வயரிங் போடுவீர்கள்? ட்ரெய்லர் பின்னால் நிற்பது என் காருக்குத் தெரியுமா?”

ஊரில் டிராக்டருக்குப் பெட்டி கொழுவியது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஓட்டையோடு ஓட்டை சேர்த்து ஆணியை இறக்கினால் வேலை முடிந்தது. பின்னால் நெல் மூட்டை இருக்கிறதா, கல்யாண வீட்டுச் சனம் இருக்கிறதா என்பது டிராக்டருக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. இன்றைய கார் அப்படியல்ல. அது தன்னைச் சுற்றி என்ன நடக்கிறது என்று ஓயாமல் பார்த்து, கேட்டு, சில வேளை உங்களைக் கேளாமலே பிரேக்கும் போடும். அதற்குத் தெரியாமல் ஒன்றரை மீட்டர் அகலப் பெட்டியைப் பின்னால் மாட்டினால், அது பிழையான முடிவுகளைத்தான் எடுக்கும்.

சென்சர் செய்யும் வேலை எளிது. பின்பம்பரில் வழக்கமாக நான்கு வட்டப் பொட்டுகள் இருக்கும். ரிவர்ஸ் கியர் போட்டதும் அவை மனிதக் காதுக்குக் கேட்காத, ஏறக்குறைய 40 முதல் 50 கிலோஹேர்ட்ஸ் வரையான ஒலியைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பும். எதிரே உள்ள பொருளில் பட்டு அது திரும்பி வர எடுக்கும் நேரத்தை வைத்துக் கார் தூரத்தைக் கணக்கிடும். ஒரு மீட்டர் தள்ளி ஒரு சுவர் இருந்தால், போய்த் திரும்ப ஏறக்குறைய 6 மில்லிசெக்கன். பொருள் நெருங்க நெருங்க ‘பீப்’ ஒலி விரைவாகும். ஏறக்குறைய 30 சென்டிமீட்டருக்குள் வந்தால் விடாமல் ஒலிக்கும். பட்டது சுவரா, பிள்ளையின் காலா, நீங்களே பூட்டிய டோ-பாரின் இரும்புக் குமிழா என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது.

அந்தக் குமிழோ பம்பருக்கு வெளியே, நடு இரண்டு சென்சர்களுக்கும் இடையில், நிரந்தரமாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. சில கார்களில் அது சென்சரின் கண்ணில் படாது. சிலவற்றில் ரிவர்ஸ் போட்ட நொடியிலிருந்து ஓயாத ‘பீப்’. அப்படியான காரை ஓட்டுபவர் முதல் வாரம் எரிச்சல்படுவார். இரண்டாம் வாரம் பட்டனை அமத்திச் சென்சரை நிறுத்திவிடுவார். பிறகு அது அவருக்கு நினைவிலேயே இருக்காது. நான் அஞ்சுவது இந்த இடத்தைத்தான். தேர் நாளின் விடியற்காலையில் கோயில் வீதி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வேட்டி கட்டிய சின்னப் பிள்ளைகள் கார்களுக்கிடையில் ஓடுவார்கள். பூத்தட்டோடு வயதானவர்கள் குறுக்கே போவார்கள். ஒரு தாய் குழந்தை வண்டியைக் கரையில் விட்டுவிட்டுச் செருப்பைச் சரிசெய்வாள். மேசைகளை இறக்கிவிட்டு அவசரமாகக் காரைப் பின்னுக்கு எடுக்கிறீர்கள். அந்த நேரத்தில் பீப் ஒலி வந்தால் அது எதைக் கண்டது என்று உங்களுக்கு உடனே தெரிய வேண்டும். பொய் எச்சரிக்கையைப் பழகிப்போன காதுக்கு உண்மை எச்சரிக்கை கேட்காது. சென்சரே இல்லாத காரில் இருப்பவராவது திரும்பிப் பார்த்திருப்பார்.

இனி, வாங்குவதைப் பற்றிச் சொல்கிறேன். பாரைத் தேடுவதற்கு முன் காரின் நிறைத் தகட்டைத் தேடுங்கள். முன்கதவின் சட்டத்திலோ பொனற்றின் கீழோ இருக்கும். நான்கு எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். முதலாவது, ஆட்களும் சாமானும் ஏற்றிய காரின் உச்ச நிறை. இரண்டாவது, காரும் ட்ரெய்லரும் சேர்ந்த உச்ச நிறை. மற்றவை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உரியவை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால், முழுப் பாரம் ஏற்றிய கார் எவ்வளவு இழுக்கலாம் என்பது வரும். இரண்டாவது எண்ணே இல்லை என்றால், அல்லது இரண்டும் ஒன்றாகவே இருந்தால், அந்தக் காரை உருவாக்கியவர்கள் அதை இழுக்க அனுமதிக்கவில்லை. எங்கள் ஆட்கள் பலர் வாடகை ஓட்டத்துக்கு வைத்திருக்கும் டொயோட்டா பிரியஸின் மூன்றாம் தலைமுறை அப்படிப்பட்டது. நிசான் லீஃப் மின்சாரக் காரும் அப்படித்தான். அந்தக் கார்களுக்கென்று ஒரு பார் சந்தையில் கிடைக்கலாம். அது சைக்கிள் தட்டு மாட்டுவதற்கு. அதில் ட்ரெய்லரைக் கொழுவினால் காப்புறுதி நிறுவனம் கையை விரிக்கும், விபத்தென்றால் பொலிஸ் உங்களிடம்தான் வரும். தனியார் வாடகை உரிமம் உள்ள காரென்றால் போக்குவரத்து அதிகார சபையான டி.எஃப்.எல்-ஐக் கேட்காமல் எதையும் பூட்டாதீர்கள்.

கார் அனுமதிக்கிறது என்றால், அடுத்தது பார். 1998 ஆகஸ்டு 1 முதல் பாவனைக்கு வந்த கார்களுக்கு, அந்த மாடலுக்கென்றே சோதித்து அங்கீகரிக்கப்பட்ட பார்தான் பூட்டலாம் என்பது சட்டம். பாரில் ஒரு தகடோ ஒட்டியோ இருக்கும். அதில் அங்கீகார எண்ணும், குமிழின் மேல் செங்குத்தாக எத்தனை கிலோ அழுத்தலாம் என்ற எண்ணும் இருக்கும். தகடு இல்லாத பார் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். பழைய பார் ஒன்றை இணையத்தில் வாங்குவதையும் நான் ஆதரிக்க மாட்டேன். அது எந்தக் காரிலிருந்து கழற்றப்பட்டது, அந்தக் கார் பின்னால் இடிபட்டதா என்று விற்பவரும் சொல்ல மாட்டார், இரும்பும் சொல்லாது. செஸ்டரில் தொடங்கிய விட்டர், நெதர்லாந்தின் பிரிங்க், ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா போன்ற பெயர்களைக் கராஜில் கேட்பீர்கள். 50 மில்லிமீட்டர் குமிழ் எல்லாவற்றுக்கும் பொது.

பாரின் கழுத்தில்தான் வேறுபாடு. இங்கே பழைய நாள் முதல் புழங்குவது, தட்டையான ஒரு முகப்பில் குமிழை இரண்டு போல்ட்களால் இறுக்கும் வகை. மலிவு, உறுதி, குமிழ் தேய்ந்தால் மாற்றலாம். ஆனால் அதன் அகன்ற முகப்பும் போல்ட்களும் ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்பும், சென்சர் அலறுவதற்கான வாய்ப்பு கூட. மற்றது அன்னத்தின் கழுத்துப் போல வளைந்த ஒற்றைக் கம்பி. மெல்லியது, வளைவானது, பல கார்களில் சென்சருக்குப் புலப்படாது. ‘பல கார்களில்’ என்றால் உங்கள் காரில் என்று பொருளில்லை, விற்பவரிடம் உங்கள் மாடலைச் சொல்லிக் கேளுங்கள். இந்த வளைகழுத்திலேயே கழற்றி எடுக்கக்கூடியதும், பம்பருக்கு அடியில் மடங்கி மறைவதும் உண்டு. மடங்கும் வகை விலை கூடியது. வருடத்தில் சில நாள்தான் இழுக்கப்போகிறீர்கள் என்றால் கழற்றும் வகையே போதும். சென்சர் உள்ள காரோடு லண்டனில் வாழ்பவருக்கு நான் சொல்வதும் அதைத்தான்.

குமிழைக் கழற்றிவிட்டால் சென்சர் பழைய சென்சர். மேசைகளை இறக்கிய பின் ட்ரெய்லரை ஓரமாக விட்டுவிட்டுக் காரை மட்டும் எடுப்பதற்கு முன்னரும் கழற்றுங்கள், ஒரு நிமிட வேலை. குமிழோடு இருக்கும் காரில் இன்னொரு சிக்கலும் உண்டு. சென்சர் அளப்பது பம்பரிலிருந்து. முதலில் முட்டுவதோ பம்பருக்கு வெளியே நீளும் குமிழ். இருபது சென்டிமீட்டர் இருக்கிறது என்று நம்பிப் பின்னுக்கு எடுத்தால், மற்றவரின் பம்பரிலோ மனிதரின் முழங்காலுக்குக் கீழோ குமிழ் போய்ப் படும். தெருவோரம் நிறுத்திய கார்களுக்கிடையில் நடப்பவர்கள் காலெலும்பில் வாங்கிக் கட்டுவதும் இந்தக் குமிழில்தான். இலக்கத் தகட்டைக் குமிழ் மறைத்தால் அது சட்டப்படி குற்றம், 1,000 பவுண் வரை அபராதம் வரலாம். கழற்றிய குமிழ் பல கிலோ இரும்பு. டிக்கியில் உருளவிடாமல் கட்டி வையுங்கள். திரும்ப மாட்டும்போது பூட்டு விழுந்ததா, சாவி எளிதாகக் கழன்று வருகிறதா, பச்சை அடையாளம் தெரிகிறதா என்று பார்த்து, கையால் ஒருமுறை உலுக்குங்கள். குளிர்காலம் முழுக்க டிக்கியில் துருப்பிடிக்க விட்டுவிட்டுத் தேர் நாளன்று சுத்தியலால் அடித்து ஏற்றக் கூடாது.

வயரிங்குக்கு வருகிறேன். எனக்கு மிக வேண்டிய இடம் இது.

ட்ரெய்லரின் பின்விளக்கும் பிரேக் விளக்கும் சிக்னலும் காரோடு சேர்ந்து எரிய வேண்டும். அதற்கு இரண்டு வழி. மலிவு வழியில், காரின் பின்விளக்கு வயர்களிலிருந்து சைகையை மட்டும் எடுத்து, பேட்டரியிலிருந்து நேரே ட்ரெய்லருக்கு மின்சாரம் கொடுக்கும் ஒரு பொது ரிலே பூட்டுவார்கள். கூடுதல் விளக்குகள் எரிவது காரின் கணினிக்குத் தெரியாமல் இருப்பதற்காகவே அமைந்த ஏற்பாடு அது. விளக்கு எரியும், ஆனால் பின்னால் ட்ரெய்லர் இருப்பது காருக்கு எப்போதும் தெரியாது. ரிவர்ஸ் போட்டால் சென்சர் ட்ரெய்லரைக் கண்டு கத்தும். பின்னுக்கு எடுக்கும்போது தானே பிரேக் போடும் வசதியுள்ள கார் என்றால், ட்ரெய்லரை மோதப்போகும் சுவர் என்று நினைத்து சடாரென நின்றுவிடும். எம்25-இல் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கினால், ஒவ்வொரு சில்லாகப் பிரேக் பிடித்து அதை அடக்கும் ஏற்பாடு பல புதிய கார்களில் உண்டு, அதுவும் விழிக்காது.

இரண்டாவது, உங்கள் மாடலுக்கென்றே செய்த வயரிங். கார் செய்தவர்கள் விட்டுவைத்த இணைப்புகளிலேயே இது போய்ச் சேரும். இதற்கென ஒரு சிறு கணினி டிக்கியின் ஓரத்தில் உட்காரும். ட்ரெய்லரின் பிளக்கைச் சொருகியதும் அது காரின் உள்வலைப்பின்னல் வழியாகச் செய்தி சொல்லும். உடனே பின் சென்சர்கள் ஓயும், வால் அடக்கும் ஏற்பாடு தயாராகும், பல கார்களில் காரின் பின் மூடுபனி விளக்கு அணைந்து ட்ரெய்லரினது மட்டும் எரியும், ஒரு விளக்கு பழுதானால் முன்தட்டில் அறிவிப்பு வரும். பிளக்கைக் கழற்றியதும் சென்சர்கள் யாரும் சொல்லாமலே திரும்ப விழித்துக்கொள்ளும். எனக்கு இந்த வயரிங் முக்கியமாவது இதனால்தான். மலிவு வயரிங் போட்டுவிட்டு, சென்சரை நிறுத்த முன்தட்டில் தனி சுவிட்ச் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். காலையில் அமத்திய சுவிட்சைத் தேர் இருப்புக்கு வந்த பின், களைத்துப்போன கையால் திரும்பப் போடுவோம் என்று எந்தத் தொண்டரும் உறுதி சொல்ல முடியாது.

இரண்டுக்கும் இடையில் சில நூறு பவுண் வித்தியாசம் வரும். மாடலுக்குரிய கருவியைப் பூட்டிய பின் பல கார்களில் கணினியை இணைத்து, “இந்தக் காருக்கு டோ-பார் உண்டு” என்று எழுதிவைக்க வேண்டும். கோடிங் என்பார்கள். இதைச் செய்யாமல் கருவியை மட்டும் பூட்டிவிட்டு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். விளக்கு எரியும், உரிமையாளருக்கும் எதுவும் பிழையாகத் தெரியாது. ஆகவே விலை கேட்கும்போதே கோடிங்கும் சேர்த்தா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். 13 பின் சாக்கெட்டையே கேளுங்கள். பழைய ட்ரெய்லர்கள் 7 பின் பிளக்கோடு வந்தால் இடையில் ஒரு மாற்றி போதும். வருடாந்த எம்.ஓ.டி. சோதனையில் இந்த சாக்கெட்டையும் பாரையும் பார்ப்பார்கள்.

காரைத் திரும்ப எடுக்கும்போது கராஜிலேயே நின்று சோதித்துப் பாருங்கள். குமிழ் இல்லாமல் வெட்டவெளியில் ரிவர்ஸ் போட்டால் சத்தம் வரக் கூடாது. ஒருவரைப் பின்னால் நடக்கவிட்டால் வர வேண்டும். குமிழை மாட்டி மறுபடியும் பாருங்கள். பிறகு அவர்களிடம் இருக்கும் விளக்குப் பலகையைச் சொருகச் சொல்லுங்கள். முன்தட்டில் ட்ரெய்லர் அடையாளம் வந்து சென்சர் ஓய வேண்டும், கழற்றியதும் திரும்ப வர வேண்டும். வாடகை ட்ரெய்லரில் எல்.ஈ.டி. விளக்குகள் இருக்கிறதா என்று தனியாகக் கவனியுங்கள். அவை இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. சில கருவிகள், குறிப்பாகப் பழையவை, ஒன்றுமே சொருகப்படவில்லை என்று நினைத்துக் கொள்ளும்.

பூட்டும் வேலையில் உள்ளே என்ன நடக்கிறது என்றும் தெரிந்திருப்பது நல்லது. பம்பரைக் கழற்றுவார்கள். பல கார்களில் பம்பருக்குள் இருக்கும் இரும்புக் குறுக்குச் சட்டத்தை எடுத்துவிட்டு, டோ-பாரின் சட்டத்தையே அதன் இடத்தில் காரின் உடலோடு போல்ட் போட்டு இறுக்குவார்கள். கழுத்து வெளியே வர பம்பரின் அடிநடுவில் ஒரு துண்டு வெட்டுவார்கள், பம்பரைத் திரும்ப ஏற்றும்போது சென்சர் வயர்களை நசுக்காமல் பார்க்க வேண்டும். உங்கள் காரின் பம்பரில் வட்டப் பொட்டுகளே இல்லாமல் சென்சர் மட்டும் வேலை செய்தால், உள்ளே மின்காந்தப் பட்டி ஒட்டியிருக்கலாம். அதற்கு அருகில் பெரிய இரும்புச் சட்டம் வந்தால் அதன் உணர்வு குழம்பும், எனவே முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலால் காற்றை உதைத்து டிக்கி திறக்கும் வசதி இருந்தால் அதையும் சொல்லுங்கள். கார் பி.சி.பி. கடனில் இருந்தால் அது இன்னும் உங்களுடையது அல்ல, பம்பரை வெட்ட முன் கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் அனுமதி எடுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவித்தாக வேண்டும். ட்ரெய்லர் இழுக்கும்போது மூன்றாம் தரப்புக்கு நேரும் சேதத்துக்கு உங்கள் பத்திரத்தில் இடமுண்டா என்று அதே அழைப்பில் கேளுங்கள்.

நிறையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது, ஏனென்றால் எங்கள் சாமான் தண்ணீர். பிரேக் இல்லாத சிறு ட்ரெய்லருக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சம் 750 கிலோ; அல்லது வெறும் காரின் நிறையில் பாதி, இரண்டில் எது குறைவோ அது. 1,200 கிலோ கார் என்றால் 600 கிலோதான். ட்ரெய்லரின் சொந்த நிறையும் அதற்குள் அடக்கம். காரின் கைநூலில் இதிலும் குறைவாகச் சொல்லியிருந்தால் அதுவே எல்லை. ஒரு லீட்டர் தண்ணீர் ஒரு கிலோ; 25 லீட்டர் கேன் இருபது ஏற்றினால் 500 கிலோ. ட்ரெய்லரையும் சேர்த்துப் பார்த்தால் அண்டாவுக்கும் அரிசி மூட்டைக்கும் இடமே இல்லை. கேன்களை வெறுமையாகக் கொண்டுபோய் இடத்திலேயே நிரப்புங்கள். பாரமானவற்றை அச்சுக்கு மேல், கொஞ்சம் முன்னால் வையுங்கள். குமிழை அழுத்தும் பாரம் ட்ரெய்லரின் மொத்த நிறையில் 5 முதல் 7 சதவீதம் வரை இருப்பது நல்லது. காரின் கைநூலும் பாரின் தகடும் சொல்லும் எல்லைகளில் சிறியதைத் தாண்டவும் கூடாது. இணைப்புத் தலையின் கீழ் ஒரு கட்டையை நிறுத்தி, அதைக் குளியலறைத் தராசின் மேல் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். பின்பாரம் கூடிய ட்ரெய்லர்தான் வேகத்தில் வாலாட்டும். ஜெனரேட்டரைக் கடைசியாகக் கொண்டுவந்து கதவோரம் தள்ளிவிடும் எங்கள் பழக்கம் மாற வேண்டும்.

2021 சட்டமாற்றத்தை நான் முழுமனதோடு வரவேற்கவில்லை. பாரவண்டி ஓட்டுநர்களுக்குப் பெரும் பற்றாக்குறை வந்த ஆண்டு அது. பரீட்சகர்களை அந்தப் பக்கம் திருப்புவதற்காக, காரோடு ட்ரெய்லர் இழுப்பவர்களுக்கு இருந்த தனிப் பரீட்சையை எடுத்துவிட்டார்கள். 1997 ஜனவரி 1-க்கு முன் கார்ப் பரீட்சையில் தேறிய அண்ணைமாருக்கு இந்த உரிமை எப்போதும் இருந்தது. பிறகு தேறியவர்களுக்கு இப்போது ஒரு நாள் பயிற்சியும் இல்லாமல் கிடைத்திருக்கிறது. லைசன்ஸில் இடமிருப்பதும் கைக்குப் பழக்கமிருப்பதும் ஒன்றல்ல. ட்ரெய்லரோடு ஒற்றைப் பாதையில் மணிக்கு 50 மைல், இரட்டைப் பாதையிலும் நெடுஞ்சாலையிலும் 60 மைல்தான் உச்சம். மூன்றோ அதற்கு மேற்பட்டோ தடங்கள் உள்ள நெடுஞ்சாலையில் வலக்கோடித் தடத்துக்குப் போகவே கூடாது. வெறும் ட்ரெய்லரை ஒரு ஞாயிறு காலை, ஆளில்லாத கார் நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோய்ப் பின்னுக்கு எடுத்துப் பழகுங்கள். தேர் நாளன்று பழகத் தொடங்காதீர்கள்.

கொழுவும்போது ஒன்றை மறக்க வேண்டாம். பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு ஒரு மெல்லிய கம்பிவடம் இருக்கும். இணைப்புக் கழன்றால் அது ட்ரெய்லரின் பிரேக்கை இழுத்துவிட்டு அறுந்துபோகும். பிரேக் இல்லாததற்கு இரண்டாவது பிடியாகச் சங்கிலி. இவற்றைக் குமிழின் கழுத்தில் சுற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. கழற்றும் கழுத்து உள்ள பாரில் அது ஆபத்து, கழுத்தே கழன்றால் பிடியும் சேர்ந்து போய்விடும். பாரின் நிலையான பகுதியில் இதற்கென ஒரு வளையம் இருக்கும், அதில் மாட்டுங்கள். ட்ரெய்லரில் காரின் இலக்கத் தகடு வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

ட்ரெய்லர் பிளக் சொருகியிருக்கும்போது சென்சர்கள் ஓய்ந்திருக்கும் என்று சொன்னேன். அப்படியென்றால் கோயில் வீதியில் ட்ரெய்லரைப் பின்னுக்கு எடுக்கும்போது உங்களுக்குக் கண் இல்லை. பிரதிபலிக்கும் மேலங்கி போட்ட ஒருவர் வெளியே நின்று, உங்கள் கண்ணாடியில் தெரியும் இடத்திலிருந்து கைகாட்ட வேண்டும். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்தால் நிறுத்துங்கள். நான்கு பேர் சேர்ந்து “வா, வா, இன்னும் வா” என்று சத்தம் போடுவது உதவாது. சிறு ட்ரெய்லர் என்றால் கழற்றிக் கையால் தள்ளி இடத்தில் வைப்பதே எல்லாவற்றிலும் நல்லது.

கடைசியாக, கோயில் அறங்காவலர்களுக்கும் சங்க நிருவாகிகளுக்கும் தொண்டர்கள் சார்பில் ஒரு வேண்டுகோள். வருடா வருடம் சாமான் இழுப்பவர்கள் தங்கள் காரை, தங்கள் பெற்றோலை, தங்கள் விடுமுறை நாளைத் தருகிறார்கள். கழற்றும் கழுத்துக்கும் மாடலுக்குரிய வயரிங்குக்கும் மேலதிகமாகப் போகும் அந்தச் சில நூறு பவுணையும் அவர்களே போட வேண்டும் என்று விட்டால், அவர்கள் மலிவு ரிலேயைத்தான் பூட்டுவார்கள். யாரும் குறைசொல்ல முடியாது. பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒதுக்குவது போல, ஆண்டுதோறும் இழுக்கும் ஓரிருவரின் காருக்கு இந்த வித்தியாசத்தை நிதியிலிருந்து கொடுங்கள். பக்கத்துக் கோயில்கள் சேர்ந்து ஒரு நல்ல ட்ரெய்லரைப் பொதுவில் வாங்கி, அதன் சொந்த நிறை, உச்ச நிறை, டயர் அழுத்தம், பிளக் வகை, விளக்கு வகை ஐந்தையும் தமிழில் எழுதி உள்மூடியில் ஒட்டுங்கள். அடுத்த நிருவாகக் கூட்டத்துக்கு வரும்போது சாமான் இழுக்கும் ஒவ்வொருவரும் தங்கள் காரின் நிறைத் தகட்டைக் கைபேசியில் படமெடுத்துக் கொண்டுவரட்டும். எந்தக் கார் எதை இழுக்கலாம் என்ற பட்டியலைக் கொடியேற்றத்துக்கு முன்னரே எழுதி முடித்துவிடலாம்.

அன்புடன்,
மேற்கு லண்டனிலிருந்து
உங்களில் ஒருவன்